திரும்பி வந்தவளை ஊர் என்ன பெயரிட்டு அழைக்கும்?

விவிலியம் புறப்பாடுகளால் நிறைந்த நூல். ஆபிரகாம் தன் தந்தையின் இல்லத்தை விட்டுப் புறப்பட்டார். யாக்கோபின் புதல்வர்கள் பஞ்சத்துக்கு அஞ்சி எகிப்துக்குப் புறப்பட்டார்கள். இஸ்ரயேல் மக்கள் அடிமைத்தளையிலிருந்து புறப்பட்டார்கள். ஆனால், ஒரு காலத்தில் தான் விட்டுச் சென்ற சின்னஞ்சிறு ஊருக்கே ஒரு பெண் திரும்பி வருவதையும், அவ்வூர் அவளை எவ்வாறு நோக்கியது என்பதையும் முழுமையாகச் சொல்லும் நூல் ஒன்றே ஒன்றுதான். அது நான்கே அதிகாரங்களைக் கொண்ட ரூத்து நூல்.

ஒற்றைப்படை ஆண்டுகளில் பொதுக்காலம் இருபதாம் வாரத்தின் வெள்ளியிலும் சனியிலும் திருப்பலியில் இந்நூலின் பகுதிகள் வாசிக்கப்படுகின்றன. வார நாள் திருப்பலி என்பதால் நம்மில் பலர் அதனைக் கேட்பதில்லை. கேட்கின்றவர்களும் ரூத்தின் பற்றுறுதியை வியந்து, அவளோடு நடந்து வந்த முதியவளை மறந்துவிடுகின்றோம். உண்மையில் ஊர் திரும்பியவள் ரூத்து அல்ல. அவளுடைய மாமியார் நகோமியே. ரூத்துக்குப் பெத்லகேம் புது ஊர். நகோமிக்கோ அது விட்டுச் சென்ற ஊர். தெரிந்த கிணறு, தெரிந்த வயல், தெரிந்த முகங்கள். தெரிந்த முகங்களின் முன்னால் வெறுங்கையோடு வந்து நிற்பது எத்தனை கடினம் என்பதை நம் மலையகத்துச் சகோதரிகள் நன்கு அறிவார்கள்.

நகோமியின் பத்து ஆண்டுகள்

பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு என்று பொருள். அந்த அப்பத்தின் வீட்டிலேயே அப்பம் இல்லாத ஒரு காலம் வந்தது. எலிமலேக்கு தன் மனைவி நகோமியையும், மக்லோன், கிலியோன் என்னும் இரு புதல்வர்களையும் அழைத்துக்கொண்டு சாக்கடலுக்கு அப்பாலுள்ள மோவாபு நாட்டுக்குச் சென்றார். சில காலம் தங்கித் திரும்புவதே அவர்களது எண்ணம். ஆனால், வயிற்றுப்பாட்டுக்காகச் செல்கின்ற எவரும் எண்ணியபடி திரும்புவதில்லை. அங்கே கணவர் இறந்தார். புதல்வர்கள் அந்நாட்டுப் பெண்களான ஒர்பாவையும் ரூத்தையும் மணந்தார்கள். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குள் அவ்விருவரும் இறந்தார்கள். மூன்று கைம்பெண்கள் மட்டும் எஞ்சினார்கள்.

தம் மக்களுக்கு ஆண்டவர் மீண்டும் உணவளித்தார் என்னும் செய்தி எட்டியபோது நகோமி ஊர் திரும்பத் துணிந்தார். இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அவர் வென்று திரும்பவில்லை, சேர்த்துக்கொண்டும் திரும்பவில்லை. தமது ஊரில் உணவு உண்டு என்று கேள்விப்பட்டதால் மட்டுமே திரும்பினார். தோற்றவரும் திரும்பலாம் என்பதற்கு விவிலியத்தில் ஊதாரி மைந்தன் ஒரு சாட்சி. நகோமி அவனுக்கும் முந்திய சாட்சி. ஊதாரி மைந்தன் தன் தவற்றால் இழந்தான். நகோமி தவறு எதுவும் செய்யாமலே இழந்தார்.

மருமக்கள் இருவரையும் தத்தம் தாய்வீடு செல்லுமாறு நகோமி வேண்டினார். ஒர்பா அழுது விடைபெற்றாள். ரூத்து பிரிய மறுத்தாள். இருவரும் பெத்லகேமை அடைந்தபோது ஊர் முழுவதும் பரபரப்புக்குள்ளானது. இவர் நகோமிதானா என்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்டார்கள். நகோமி என்றால் இனியவள் எனப் பொருள்படும். அந்தப் பெயரால் தம்மை அழைக்க வேண்டாம் என்றும், கசப்பு எனப் பொருள்படும் மாரா என்றே அழைக்குமாறும் அவர் சொன்னார். நிறைவோடு போனவர் வெறுமையோடு வந்ததாகக் கலங்கினார். ஊர் திரும்பும் பெண்ணின் வேதனையை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை.

மலையடிவாரத்து நிலையம்

இனி நம் ஊருக்கு வருவோம். கண்டி மாவட்டத்தில், மகாவலி கங்கையின் மேற்பகுதியில் அமைந்துள்ள சிறு நகரம் நாவலப்பிட்டி. 1874ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை இங்கு வந்து சேர்ந்தது. அப்போது மலைகளில் கோப்பி விளைந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1869இல், கோப்பி இலைகளில் நோய் தென்பட்டிருந்தது. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. 1884இல் பாதை அட்டனை எட்டியது. மறு ஆண்டில் நானுஓயாவை எட்டியது. உலப்பனையைக் கடந்து நாவலப்பிட்டிக்கு வரும் கோச்சி, அதற்குமேல் இங்குருஓயா, கலபொட, வட்டவளை என மலையேறத் தொடங்கும். நீராவி இயந்திரக் காலத்தில் இந்த ஏற்றத்துக்காகவே நாவலப்பிட்டியில் மேலதிகமாக ஓர் இயந்திரம் பூட்டப்பட்டது. இறங்குவதற்குத் துணை வேண்டியதில்லை. ஏறுவதற்கே துணை வேண்டும்.

இந்த நிலையத்தின் வழியாக மலையகப் பெண் மூன்று முறை தன் ஊரை விட்டு இறங்கினாள்.

முதலாவது, இந்தியாவுக்கு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரின் தலைவிதியைக் காகிதத்தில் பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என முடிவாயிற்று. 1974இல் அவர்களும் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். தலைமன்னார் செல்வதற்காக மலையகத்திலிருந்து புறப்பட்ட வண்டிகளுக்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. மேடையில் நின்றவர்களும் அழுதார்கள். பெட்டியில் இருந்தவர்களும் அழுதார்கள். அக்காள் ஒரு நாட்டுக்கும் தங்கை மறுநாட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. இங்கே இந்தியர் என்று சொல்லப்பட்டவர்கள், நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் சிலோன்காரர்கள் என்று அழைக்கப்பட்டார்கள். நகோமிக்கு நேர்ந்தது போலவே அவர்களுக்கும் பெயர் மாறிற்று. ஆனால் அதை அவர்கள் தேர்ந்துகொள்ளவில்லை.

இரண்டாவது, கொழும்புக்கு. வசதியுள்ள இல்லங்களில் வேலைக்காகச் சிறுமிகள் இறக்கப்பட்டார்கள். 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய பின்னர், காலப்போக்கில் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மலையக யுவதிகள் சென்றார்கள்.

மூன்றாவது, மத்திய கிழக்குக்கு. இதுவே நம் காலத்துப் பெரும் புறப்பாடு.

கடல் கடந்த பணிப்பெண்

1977ஆம் ஆண்டுக்குப் பின் திறந்துவிடப்பட்ட பொருளாதாரம் இலங்கைப் பெண்களுக்கு வளைகுடா நாடுகளின் வீட்டுக் கதவுகளைத் திறந்தது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில், வேலைக்காக நாட்டை விட்டுச் சென்ற ஒவ்வொரு நால்வரிலும் ஏறத்தாழ மூவர் பெண்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள்.

தோட்டத்துப் பெண் இந்த வரிசையில் பிந்தியே சேர்ந்தாள். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லாமை அவளுக்கு ஒரு தடையாக இருந்தது. அந்தத் தடையை உபமுகவர் தன் சந்தையாக்கிக் கொண்டார். பெயரை மாற்றினார், வயதைக் கூட்டினார். அதன் விளைவு எத்தகையது என்பதை மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் என்னும் ஏழை முஸ்லிம் சகோதரியின் முடிவு உலகுக்குச் சொன்னது. கடவுச்சீட்டில் வயது கூட்டி அனுப்பப்பட்ட அவர், 2013ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி சவூதி அரேபியாவில் மரண தண்டனைக்குள்ளானார். அவருடைய தாய் மகளின் வருகைக்காகக் காத்திருந்தார், மகள் திரும்பவில்லை. திரும்பி வருதல் என்பதே ஒரு கொடை என்பதை அந்தத் தாயின் வெறும் வாசல் நமக்கு நினைவூட்டுகின்றது.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது அங்கே ஏறக்குறைய ஓர் இலட்சம் இலங்கையர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். எசமானர்கள் சிதறி ஓட, சம்பளமும் கடவுச்சீட்டும் இன்றிப் பாலைவன எல்லைகளைக் கடந்து அவர்கள் ஊர் திரும்பினார்கள். 2020இல் கொரோனாத் தொற்று விமான நிலையங்களை மூடியபோது மீண்டும் அதே காட்சி. வேலையிழந்த பணிப்பெண்கள் பல மாதங்கள் திரும்ப வழியின்றித் தவித்தார்கள். அதன் பின்னும் புறப்பாடு நிற்கவில்லை. 2022இல் நாடு வங்குரோத்தானபோது, அந்த ஓராண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுச் சென்றார்கள். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் செல்வதைக் கட்டுப்படுத்தி 2013இல் கொண்டுவரப்பட்ட விதியும் அந்த நெருக்கடியில் தளர்த்தப்பட்டது. பஞ்சம் வந்தபோது பெத்லகேம் வெறுமையானதைப் போலவே நம் லயங்களும் வெறுமையாயின.

ஏன் போகிறார்கள் என்று கேட்பது எளிது. பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நாள் முழுவதும் மலையில் நின்று கொழுந்து பறித்து, எடை குறைந்தால் அரைப்பேர் என்று எழுதப்படும் ஒரு பெண்ணிடம் அக்கேள்வியைக் கேட்கத் துணிவு வேண்டும். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்னும் கோரிக்கை நிறைவேற 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிள்ளையின் படிப்பு, ஒழுகும் தகரக் கூரை, அடகு வைத்த தோடு, மகளின் திருமணம் ஆகிய இவற்றில் ஏதேனும் ஒன்றே அவளைக் கோச்சியில் ஏற்றியது. பேராசை அல்ல.

திரும்பும் நாளில்

அவள் திரும்பும் நாளில் ஊர் என்ன செய்கின்றது?

முதல் வாரம் லயம் நிறைந்து வழிகின்றது. பயணப்பெட்டி திறக்கப்படுகின்றது. சவர்க்காரம், வாசனைத் தைலம், போர்வை, பால்மா, இனிப்பு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கைக்குப் போகின்றது. எதுவும் கிடைக்காதவர் மனத்தில் கசப்பு முளைக்கின்றது. இரண்டாம் வாரம் கடன் கேட்டு வருகின்றார்கள். மூன்றாம் வாரம் பேச்சு மாறுகின்றது. எவ்வளவு கொண்டு வந்தாள் என்று கணக்குப் பார்க்கின்றார்கள். ஏன் இடையில் திரும்பினாள் என்று கண்ணடித்துக் கேட்கின்றார்கள். அவள் பேசும் விதம் மாறிவிட்டது, உடுத்தும் விதம் மாறிவிட்டது என்கின்றார்கள். நோயோடு வந்தவளை இரக்கத்தோடு பார்க்காமல் சந்தேகத்தோடு பார்க்கின்றார்கள். ஆண் வெளிநாடு போய்த் திரும்பினால் கேட்கப்படாத கேள்விகள் பெண் திரும்பினால் மட்டும் கேட்கப்படுகின்றன.

வீட்டுக்குள்ளே இன்னும் ஆழமான துயரம் காத்திருக்கின்றது. மாதந்தோறும் அனுப்பிய பணம் எங்கே போயிற்று என்று அவள் கேட்டால் அடுப்படியில் சண்டை. கேளாமல் இருந்தால் நெஞ்சில் தீ. சில இல்லங்களில் அப்பணம் கூரையாகவும் பாடப்புத்தகமாகவும் மாறியிருக்கின்றது. அப்படிக் காத்த கணவர்மாரையும் தாய்மாரையும் நாம் வாழ்த்த வேண்டும். வேறு சில இல்லங்களில் அது சாராயமாக மாறியிருக்கின்றது. கட்டிய சுவரும் அவள் பெயரில் இல்லை.

தோட்டத்தில் அவள் பெயர் செக்ரோலிலிருந்து நீங்கியிருக்கும். நிரந்தரத் தொழிலாளியாகப் போனவள் கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பவளாகத் திரும்புகின்றாள். வெளிநாட்டில் உழைத்த ஆண்டுகள் அவளுடைய ஊழியர் சேமலாப நிதியில் ஒரு சதம்கூடச் சேர்க்கவில்லை. லயக் காம்பராவும் தோட்ட வேலையோடு கட்டுண்டது. ஆகவே வேலை போனால் கூரையும் ஆட்டம் காண்கின்றது. இதற்கு மேல் இயற்கையும் சோதிக்கின்றது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா சூறாவளியின் பெருமழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தையும் மலைநாட்டையும் உலுக்கின. கடல் கடந்து உழைத்துக் கட்டிய சுவரை ஓரிரவில் மண் மூடியது என்றால், அந்தத் தாய்க்கு நாம் எந்த வார்த்தையைச் சொல்வது?

இவை யாவற்றிலும் கொடியது ஒன்று உண்டு. மூன்று வயதில் விட்டுச் சென்ற பிள்ளை இப்போது ஏழு வயதில் எதிரே நிற்கின்றது. அது அம்மாயியின் சேலையைப் பற்றிக்கொண்டு பின்னால் ஒளிகின்றது. பெற்றவளை வந்தவள் என்று பார்க்கின்றது. இரவில் அம்மாயியின் பாயில்தான் தூங்குவேன் என்று அடம்பிடிக்கின்றது. பிறர் பிள்ளைக்குச் சோறூட்டிக் குளிப்பாட்டித் தாலாட்டியவளுக்குத் தன் பிள்ளையின் தலையைத் தடவ அனுமதி கிடைக்கவில்லை. அந்த இரவில் அவள் தன் பெயரை மாரா என்று மாற்றிக்கொள்கின்றாள். நிறைவோடு போனேன், வெறுமையோடு வந்தேன் என்று நகோமியைப் போலவே அவளும் எண்ணுகின்றாள்.

பெத்லகேம் செய்தது என்ன?

அன்பர்களே, ரூத்து நூல் முதல் அதிகாரத்தோடு முடிந்திருந்தால் அது ஓர் ஒப்பாரியாகவே இருந்திருக்கும். மற்ற மூன்று அதிகாரங்களிலும் பெத்லகேம் என்னும் சிற்றூர் திரும்பி வந்தவளை எவ்வாறு மீண்டும் தன்னுள் ஏற்றது என்பதையே நாம் காண்கின்றோம். அதிலே வானதூதர் தோன்றுவதில்லை, கடல் பிளப்பதில்லை, இறந்தவர் எழுவதில்லை. ஊர் மக்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். கடவுளின் செயல் அதற்குள்ளேதான் மறைந்திருந்தது.

முதலாவது, அந்த ஊரில் ஒரு சட்டம் இருந்தது. அது நடைமுறையிலும் இருந்தது. அறுவடையின்போது வயலின் ஓரத்தை முற்றாக அறுக்கக் கூடாது, சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்கக் கூடாது, அது ஏழைக்கும் அந்நியருக்கும் உரியது என்று லேவியர் நூலும் இணைச்சட்ட நூலும் விதித்தன. வாற்கோதுமை அறுவடை தொடங்கிய வேளையில் ஊர் வந்த ரூத்து, யாரிடமும் கையேந்தவில்லை. தன் உரிமையைப் பொறுக்கினாள். அவளுக்குக் கிடைத்தது பிச்சை அன்று. உழைப்புக்கு ஒரு வாசல். போவாசு ஒரு படி மேலே சென்றார். அவளை எவரும் தொந்தரவு செய்யலாகாது என்று வேலையாள்களுக்குக் கட்டளையிட்டார். அவள் நாணாதவாறு, வேண்டுமென்றே கதிர்களைச் சிந்தவிடச் சொன்னார். ஒரு பெண்ணின் மானத்தைக் காத்தபடியே அவளுக்கு உதவலாம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இரண்டாவது, நகோமியின் உரிமை வீட்டு மூலையில் முணுமுணுக்கப்படாமல் ஊர் வாயிலில் பேசப்பட்டது. எலிமலேக்கின் நிலம் யாருக்கு உரியது, அந்தக் குடும்பத்தின் பெயரைக் காப்பவர் யார் என்பதைப் பத்து மூப்பர் முன்னிலையில் போவாசு தீர்த்துவைத்தார். திரும்பி வந்த கைம்பெண்ணின் நில உரிமை அந்த ஊரின் பொது வழக்கானது.

மூன்றாவது, அண்டை வீட்டுப் பெண்கள். முதல் நாளில் இவர் நகோமிதானா என்று வியந்த அதே பெண்களே நூலின் இறுதியிலும் வருகின்றார்கள். ரூத்துக்கு ஓர் ஆண்மகவு பிறந்தபோது, அவர்கள் ஆண்டவரைப் புகழ்ந்து, ஏழு புதல்வரினும் மேலான மருமகள் உனக்கு இருக்கின்றாள் என்னும் கருத்துப்பட நகோமியைத் தேற்றினார்கள். வெறுமையோடு வந்தேன் என்று நகோமி புலம்பிய வேளையிலும் ரூத்து அவர் அருகிலேயே நின்றாள். கண்ணீர் மறைத்ததால் நகோமி அவளைக் காணவில்லை. அதை அவருக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் அந்த அயலவர்களே. குழந்தைக்கு ஓபேது என்று பெயரிட்டவர்களும் அவர்களே. மாரா என்னும் பெயரை அந்த ஊர் ஒரு நாளும் வழங்கவில்லை. நூல் முழுவதும் அவர் நகோமியாகவே இருந்தார். துயருற்றவள் தனக்கு இட்டுக்கொண்ட கசப்பான பெயரை ஏற்க மறுத்ததே பெத்லகேம் செய்த பெரும் அறம்.

அந்த ஓபேது ஈசாயின் தந்தை. ஈசாய் தாவீதின் தந்தை. மத்தேயு எழுதிய நற்செய்தியின் முதல் பக்கத்தில் நம் ஆண்டவரின் தலைமுறை அட்டவணையில் ரூத்தின் பெயர் நிற்கின்றது. ஊர் திரும்பிய ஒரு முதிய கைம்பெண்ணையும் அவளோடு வந்த ஓர் அந்நியப் பெண்ணையும் பெத்லகேம் ஏற்றுக்கொண்டதால், அதே பெத்லகேமில் மீட்பர் பிறந்தார்.

ஒரு மடியும் இரு தாய்மாரும்

ஓபேது பிறந்ததும் நகோமி அக்குழந்தையைத் தம் மடியில் கிடத்தி வளர்த்தார் என்று நூல் சொல்கின்றது. நகோமிக்கு ஒரு மகன் பிறந்தான் என்றே அயலவர் பேசிக்கொண்டார்கள். பெற்றவள் ரூத்து; வளர்த்தவள் நகோமி. ஆயினும் இருவருக்குமிடையே போட்டி எழுந்ததாக ஒரு சொல்லும் இல்லை.

நம் லயங்களில் பேரப்பிள்ளையை மடியிலிட்டு வளர்க்கும் அம்மாயிமாரும் நகோமிகளே. அவர்கள் இல்லையேல் மத்திய கிழக்கின் பணம் ஒரு குழந்தையையும் காப்பாற்றியிராது. பகலில் பிள்ளை மடுவமும் இரவில் அம்மாயியின் பாயுமே அந்தப் பிள்ளைகளின் உலகம். ஆகவே திரும்பி வந்த தாய் அந்தப் பாயிலிருந்து பிள்ளையைப் பறிக்க வேண்டியதில்லை. அம்மாயியும் பிள்ளையை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. ஒரே பாயில் மூவரும் படுக்கலாம். அம்மாயியின் கையால் உண்ட பிள்ளை, நாளடைவில் அம்மாவின் கையாலும் உண்ணும். இதற்கு மாதங்கள் ஆகலாம், ஓராண்டுகூட ஆகலாம். அந்தக் காலத்தில் அம்மாயி பிள்ளையிடம் தாயைப் பற்றி நல்ல சொற்களையே பேச வேண்டும். உனக்காகத்தான் அம்மா போனாள் என்று அவர் சொல்லும் ஒரு சொல், பயணப்பெட்டி நிறையக் கொண்டு வந்த பொம்மைகளிலும் பெரிது.

நாம் செய்யக் கூடியவை

1952இல் பன்னிரண்டாம் பத்திநாதர் வெளியிட்ட திருத்தந்தை மடல், எகிப்துக்குப் பெயர்ந்து திரும்பிய நாசரேத்துத் திருக்குடும்பத்தையே புலம்பெயரும் குடும்பங்கள் அனைத்துக்கும் முன்மாதிரியாகக் காட்டியது. 1914இல் தொடங்கிய குடிபெயர்ந்தோர் நாளைத் திருச்சபை இன்றளவும் சிறப்பித்து வருகின்றது. நம் மலைநாட்டில் 1972ஆம் ஆண்டு கண்டியில் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் அவர்கள் நிறுவிய சத்யோதய நிலையம், தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகப் பேசிய பணியை மலையகம் மறவாது. இதே கண்டி இராச்சியத்துக்கு 1692இல் வந்த புனித யோசேவாஸ் அடிகளாரும், முதலில் இந்நாட்டில் கால் பதித்தபோது ஒரு கூலியாளின் கோலத்தில்தான் வந்தார். கூலியாளின் கோலம் நம் திருச்சபைக்குப் புதிதன்று.

ஆனால் பெரிய மடல்களும் பெரிய நிலையங்களும் மட்டும் போதா. ஒவ்வொரு பங்கும் ஒரு பெத்லகேம் ஆக வேண்டும். அது எவ்வாறு?

அன்பியக் கூட்டங்களில் வெளிநாடு சென்றவர்களின் பெயரைச் சொல்லி மன்றாடுகின்றோம். திரும்பி வந்தவர்களின் வீட்டில் கூடிச் செபமாலை சொல்வதையும் ஒரு வழக்கமாக்குவோம். அவ்வேளையில் அவள் கொண்டு வந்ததைப் பற்றி எவரும் கேட்கலாகாது.

அவள் வெறுங்கையோடு வரவில்லை என்பதை அவளுக்குக் காட்டுவோம். பிற மொழி பேசக் கற்றிருக்கின்றாள். முதியோரைப் பராமரிக்கத் தெரிந்திருக்கின்றாள். தனிமையிலும் விசுவாசத்தைக் காத்திருக்கின்றாள். ஆலயமே இல்லாத ஊரில், அடுக்களையின் ஓரத்தில், விரல்களையே மணிகளாக்கிச் செபமாலை சொன்ன பெண் மறைக்கல்வி வகுப்பில் ஒரு நாள் பேசினால் நம் பிள்ளைகள் அதை மறவார்கள். மாதர் சங்கத்தில் அவளுக்கு இருக்கை மட்டும் போதாது, பொறுப்பும் வேண்டும்.

புறப்படவிருக்கும் பெண்ணுக்கு முன்கூட்டியே வழிகாட்டுவோம். பணியகத்தில் பதிவு செய்யாமல் செல்லலாகாது. வயதையும் பெயரையும் மாற்ற எவருக்கும் இடமளிக்கலாகாது. ஒப்பந்தத்தின் பிரதியும் கடவுச்சீட்டின் பிரதியும் வீட்டில் இருக்க வேண்டும். அனுப்பும் பணத்தின் ஒரு பகுதி அவள் பெயரிலேயே ஒரு கணக்கில் சேர வேண்டும். காணியோ வீடோ வாங்கினால் உறுதியில் அவள் பெயரும் இடம்பெற வேண்டும். ஊர் வாயிலில் பத்து மூப்பரின் முன் போவாசு பேசியது போல், குடும்பத்தின் ஆண்கள் இதனை வெளிப்படையாகப் பேசி உறுதிசெய்ய வேண்டும்.

கணவர்மாருக்கும் ஒரு சொல். மனைவி திரும்பும்போது அவள் முன் வைக்க வேண்டிய முதற்பரிசு கணக்குப் புத்தகமே. செலவழிந்தது எதற்கு என்று நேர்மையோடு சொல்லும் கணவரை எந்த மனைவியும் மன்னிப்பாள். ஊரார் சொல்லும் புறங்கூற்றை வாசற்படிக்கு வெளியே நிறுத்துவதும் அவர் கடமையே.

இறுதியாக, அண்டை வீட்டுப் பெண்களுக்கு. அவள் திரும்பி வந்தாள் என்று கேள்விப்பட்டதும் நாம் சொல்லும் முதற்சொல் எதுவோ, அதுவே பல ஆண்டுகளுக்கு அவள் பெயராகும். வெளிநாடு போய் வந்தவள் என்பது ஒரு பெயர். அந்தோனி அண்ணனின் மகள், நம் வீட்டுப் பிள்ளை என்பது மற்றொரு பெயர். எதைச் சொல்லப் போகின்றோம்?

ஏற்றத்துக்கு ஒரு துணை

எகிப்திலிருந்து திரும்பிய மரியாவும் ஒரு சிற்றூருக்கே திரும்பினார். நாசரேத்திலிருந்து நன்மை எதுவும் வரக்கூடுமோ என்று நத்தனியேல் ஐயுறுமளவுக்கு அது சிறிய ஊர். அங்கேயும் கேள்வி கேட்ட அயலவர் இருந்திருப்பார்கள். அந்தச் சிற்றூரின் அடுப்படியிலும் தச்சுக் கூடத்திலும்தான் இறைமகன் முப்பது ஆண்டுகள் வளர்ந்தார்.

மலையை விட்டு இறங்குவதற்கு நம் சகோதரிக்கு எவரும் தேவைப்படவில்லை. வறுமையே அவளைத் தள்ளிவிட்டது. மீண்டும் ஏறி வருவதற்கே துணை வேண்டும். நீராவி வண்டிக்கு நாவலப்பிட்டியில் பூட்டப்பட்ட அந்த மேலதிக இயந்திரத்தைப் போல, திரும்பி வருகின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு குடும்பம், ஓர் அன்பியம், ஒரு பங்கு துணையாகப் பூட்டப்படட்டும்.

ஆண்டவரே, பஞ்சத்தால் புறப்பட்டுச் சென்ற எங்கள் சகோதரிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தருளும். அவர்கள் வந்து நிற்கும் வாசலில் கேள்வியோடு நில்லாமல் அப்பத்தோடு நிற்க எங்களுக்குக் கற்றுத் தாரும். கசப்பு என்று தம்மை அழைத்துக்கொள்ளும் எவரையும், நீர் அவர்களுக்கு இட்ட இனிய பெயராலேயே நாங்கள் அழைக்க வரமருளும். ஆமென்.